வில்லும் அவையும்: நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டு அரங்கேறும்போது

வில்லுப்பாட்டு என்றதும் நம் மாணவர் நினைவில் முதலில் எழுவது 'ஆமா' என்னும் ஒரு சொல்லே. பள்ளி ஆண்டு விழாவிலும் கல்லூரிக் கலைவிழாவிலும் அவர்கள் காணும் வில்லுப்பாட்டில் ஒருவர் செய்தி சொல்வார். மற்றவர் ஒருமித்து 'ஆமா' போடுவர். இடையிடையே நகைச்சுவைத் துணுக்குகள் வரும். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மரம் வளர்ப்பு, மதுவின் தீமை முதலியன பாடுபொருளாக அமையும். இவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் இக்கலை செழித்து வளர்ந்த நாஞ்சில் நாட்டில், அதுவும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் பிறந்த ஒழுகினசேரியை அடுத்துள்ள வடசேரியில் இருந்துகொண்டு, வில்லுப்பாட்டை இத்துணைச் சிறிதாக அறிந்து வைத்திருப்பது தமிழ் பயில்வோர்க்கு ஏற்புடைத்தன்று.

இக்குறையை ஓரளவேனும் நீக்கும் பொருட்டு, கொடை விழாக்களில் பாடிவரும் ஒரு வில்லிசைக் குழுவினரை நம் தமிழ் மன்றம் கல்லூரி அரங்கிற்கு அழைத்தது. அந்நிகழ்ச்சியை ஒட்டி மாணவரும் ஊர்ப் பெரியோரும் எழுப்பிய வினாக்கள் பல. அவற்றுள் தலையாயது ஒன்று: கோயில் முற்றத்தில் இரவு முழுதும் பாடப்படுவதை அரங்கில் இரண்டு மணி நேரத்திற்குள் பாடினால், அது அதே கலைதானா? இவ்வினாவை முன்வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

கருவியும் குழுவும்

நீண்ட வில்லொன்றின் தண்டில் மணிகள் கட்டப்பட்டிருக்கும். அவ்வில் மண்குடத்தின்மேல் நாண் மேலே இருக்குமாறு கிடத்தப்படும். தலைமைப் பாடகர் வீசுகோல் இரண்டைக் கையில் ஏந்தி நாணை அடிப்பார். அடிக்குந்தோறும் மணிகள் ஒலிக்கும். குடம் அடிப்பவர் குடத்தின் வாயை மட்டையால் தட்டிக் கனத்த ஒலியை எழுப்புவார். உடுக்கை, தாளம், கட்டை ஆகியன உடன் இயங்கும். தலைமைப் பாடகரை அண்ணாவி என்றும் புலவர் என்றும் அழைப்பர். அவரைச் சார்ந்து பாடுவோர் வலப்புறத்தார், எதிர்ப்பாட்டாக ஏற்றுப் பாடுவோர் இடப்புறத்தார் எனக் குழு இரு கூறாக அமையும்.

பெரும்பாணாற்றுப்படையில் இடையன் குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நாணாகக் கட்டி இசைக்கும் வில்யாழ் கூறப்படுகிறது. அதனையே வில்லுப்பாட்டின் தோற்றுவாய் எனக் காட்டும் கட்டுரைகள் பல. நமக்கு இது பொருந்துவதாகத் தோன்றவில்லை. வில்யாழ் பண் எழுப்பும் நரம்புக் கருவி. வில்லுப்பாட்டின் வில்லோ தாளத்தை எழுப்புவது. அதில் பண் பிறப்பதில்லை. பழமை காட்ட வேண்டும் என்னும் ஆர்வம் வில் என்ற பெயரொற்றுமையில் மயங்கியதன் விளைவு இது எனலாம்.

கொடையில் பாடப்படும் முறை

காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம், கதை, வாழி என்பன வில்லுப்பாட்டின் உறுப்புகளாக நூல்களில் கூறப்படும். தேர்வுக்கு இவ்வரிசையை மனனம் செய்தால் போதும். கலையை அறிய விரும்புவோர் பங்குனி, சித்திரை மாதங்களில் ஏதேனும் ஒரு கொடைக்குச் சென்று பின்னிரவு வரை அமர்ந்திருத்தல் வேண்டும்.

கொடையில் பாடப்படும் கதை அக்கோயிலில் நிலைபெற்ற தெய்வத்தின் கதையாகும். சுடலைமாடன், முத்துப்பட்டன், தோட்டுக்காரி அம்மன் எனத் தெய்வத்திற்கேற்பக் கதை மாறும். இம்மாவட்டத்தில் தங்கிக் களஆய்வு செய்து 1988இல் வில்லுப்பாட்டுப் பற்றி ஆங்கில நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், இக்கதைகளைப் பிறப்புக் கதைகள், இறப்புக் கதைகள் என இரண்டாகப் பகுத்தார். கயிலையில் தோன்றி மண்ணுக்கு வரும் தெய்வங்களின் கதைகள் முன்னவை. மனிதராய்ப் பிறந்து, கொலையுண்டு அல்லது உயிர் நீத்து, அதன்பின் தெய்வமானோரின் கதைகள் பின்னவை. இறப்புக் கதையில் சாவு நிகழும் இடத்தைப் பாடும்போதுதான் கொடையின் உச்சம் அமையும். சாமியாடி எழுந்து ஆடுவதும் அவ்வேளையில்தான். எனவே கதையின் ஓட்டம் அண்ணாவியின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. ஆட்டம் எழத் தாமதமானால் அவர் பாட்டை நீட்டுவார். முந்தி எழுந்துவிட்டால் சுருக்கி அவ்விடத்திற்கு விரைவார். பாடுவோரும் கேட்போரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நடத்தும் நிகழ்ச்சி இது.

'ஆமா' என்பதன் பொருளும் இங்கேதான் விளங்கும். அது வெறும் இசைநிரவல் அன்று; கதை அறிந்த அவையின் உடன்பாடு. குழுவிலுள்ள ஒருவர் அவையின் சார்பில் அதனைச் சொல்கிறார், அவ்வளவே.

அவை உடன்பாடு தெரிவிப்பதோடு நின்றுவிடுவதில்லை. சில வேளைகளில் கதையைத் திருத்தவும் செய்கிறது. முத்துப்பட்டன் கதை இதற்குத் தக்க சான்று. அந்தணனாகிய முத்துப்பட்டன் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்து, தானும் செருப்புத் தைத்து, மாமனாரின் ஆநிரைகளைக் காக்கும் போரில் உயிர் துறக்கிறான். பிற்காலப் பாடம் சிலவற்றில் அப்பெண்கள் பிறப்பால் அந்தணர் என்றும், காட்டில் கிடந்த அவர்களைச் சக்கிலியர் எடுத்து வளர்த்தனர் என்றும் ஒரு பகுதி காணப்படுகிறது. இக்கதையைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை, இது பின்னர்ச் சேர்க்கப்பட்டது என்பதை எடுத்துக்காட்டினார். சாதி மேன்மையை விட்டுக்கொடுக்க விரும்பாதார் முன் பாட நேர்ந்தபோது கதை தன் முதுகெலும்பை இழந்தது. அவையின் செல்வாக்கு எப்போதும் நன்மைக்கே பயன்படும் என்று நாம் சொல்லவில்லை. அவையின்றி இக்கலை இல்லை என்பதே நாம் சொல்வது.

முன்னோர் கண்ட புதிய மேடைகள்

வில் கோயிலை விட்டு வெளிவந்தது நேற்று நிகழ்ந்ததன்று. கலைவாணர் காந்தியடிகளின் கதையை வில்லில் பாடினார். அவர் துணையால் சென்னைக்கு வந்த சுப்பு ஆறுமுகம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்; அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாட்டுச் செய்திகளையும் புராணக் கதைகளையும் வில்லில் பாடி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் மறைந்தார். வானொலியும் வில்லிசையைத் தென்மாவட்ட வீடுகள்தோறும் கொண்டு சேர்த்தது. இவற்றால் வில்லுப்பாட்டு என்னும் பெயர் தமிழகம் முழுதும் பரவியது உண்மை. அதே காலத்தில் கொடைதோறும் இரவெல்லாம் பாடிய கலைஞர் பலர் தம் ஊருக்கு வெளியே பெயர் அறியப்படாமலேயே மறைந்தனர். பெண்கள் தலைமையேற்றுப் பாடுதல் அரிதாயிருந்த இக்கலையில் அவ்விடத்தைப் பிடித்துப் பல்லாண்டு பாடிய பூங்கனி அம்மையார், 2018இல் இம்மாவட்டத்திலேயே காலமானார். அவர் பெயரை வகுப்பில் கேட்டபோது அறிந்தவர் இருவரே.

புதிய மேடை பெயரைப் பரப்பும்; ஆனால் பழைய அவையை அதனால் காக்க இயலுமா என்பதே நம் ஐயம். இவ்வையத்திற்கு விடை தேடுங்கால், பிறநாட்டு மக்கள் சிலரின் பட்டறிவும் நமக்கு உதவுகிறது.

பிரெஞ்சு பேசும் உழவர் இசை

அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலுள்ள லூயிசியானா மாநிலத்தில் கேஜன் எனப்படும் மக்கள் வாழ்கின்றனர். கனடாவின் கீழைக் கடற்கரைப் பகுதியிலிருந்து 1755 முதலாக ஆங்கிலேயரால் வெளியேற்றப்பட்ட பிரெஞ்சுக் குடியினரின் வழிவந்தோர் இவர்கள். நாற்புறமும் ஆங்கிலம் சூழ்ந்த நாட்டில் இவர்தம் வீட்டுமொழி பிரெஞ்சாகவே இருந்தது. 1921ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு, பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என விதித்தது. பள்ளியில் பிரெஞ்சு பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். தம் பாட்டும் பேச்சும் இழிந்தவை என அம்மக்களே நம்பும் நிலை உருவாயிற்று.

பிடில், கைத்துருத்தியோடு கூடிய அக்கார்டியன், இரும்பு முக்கோணம் ஆகியனவே இவர்தம் இசைக் கருவிகள். வீட்டு விருந்துகளிலும் ஊர் நடனக் கூடங்களிலும் பாடப்பட்ட இவ்விசை 1964இல் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவிற்குச் சென்றது. சென்ற மூவருள் ஒருவர் டூவி பால்ஃபா என்னும் பிடில் கலைஞர். அதுவரை இருநூறு பேருக்கு மேற்பட்ட கூட்டத்தைக் கண்டறியாத தாம், அங்கே பதினேழாயிரம் பேரைக் கண்டதாக அவர் பின்னாளில் கூறியுள்ளார். அயலார் கைதட்டியது அவருக்கு மகிழ்ச்சி தந்தது. எனினும் அதனோடு அவர் நிறைவடைந்துவிடவில்லை. தம் ஊரார் இவ்விசையை மதிக்க வேண்டும் என்பதே அவர்தம் வேட்கையாயிற்று. ஊர் திரும்பி அதற்காக உழைத்தார். பள்ளிகளுக்குச் சென்று குழந்தைகள் முன் வாசித்தார்.

1974 மார்ச் 26 அன்று லாஃபயெத் நகரில் கேஜன் இசைக்கெனப் பெரியதொரு நிகழ்ச்சி நடத்தப்பட்டது. ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் பேர் திரண்டனர். இந்நிகழ்ச்சியில் நம் கவனத்திற்குரிய செய்தி ஒன்றுண்டு. கேஜன் இசை ஆடுவதற்கு உரியது. ஆடுவோர் தம் போக்கில் ஆடிக்கொண்டிருக்க, இசைப்போர் ஓரத்தில் அமர்ந்து வாசிப்பது வழக்கம். அன்றோ மக்கள் ஆடாமல் அமர்ந்து கேட்குமாறு அரங்கம் அமைக்கப்பட்டது. நாள்தோறும் காதில் விழுந்தும் கவனியாதிருந்த தம் பாட்டைச் சொல் சொல்லாகக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு அன்று வாய்த்தது.

ஆக, இடமாற்றத்தால் இழப்பு மட்டுமே நேரும் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆட்டம் போயிற்று, கவனம் வந்தது. ஆயினும் அவர்கள் முன் அமர்ந்திருந்தோர் அதே ஊரார், அதே மொழியினர் என்பதை மறத்தல் கூடாது.

மொழிச் சூழலிலும் நமக்கு ஓர் ஒப்புமை உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடும், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இணைந்திருந்தது. அரசின் மொழி எதுவாயினும் கொடையில் வில்லின் மொழி தமிழாகவே இருந்தது. வில்லடிச்சான் பாட்டு என்ற பெயரில் இக்கலை திருவனந்தபுரம் பகுதியிலும் வழங்கிற்று. இரவிக்குட்டிப்பிள்ளைப் போர் போன்ற கதைப்பாடல்களை மலையாள அறிஞர் 'தெக்கன் பாட்டுகள்' என்னும் தொகுதியில் வைத்து ஆராய்கின்றனர். தமிழறிஞரும் தம்முடையன என்கின்றனர். இரண்டும் பொய்யல்ல. எல்லைக்கோடு பாட்டுக்குப் பின்னால் வந்தது.

நம் அரங்கில் நடந்தது

குழுவினரோடு பேசச் சென்றபோது அண்ணாவி முதலில் வினவியது சம்பளத்தைப் பற்றியன்று, எக்கதை என்பதையே. தெய்வக் கதை எதனையேனும் பாடலாமே என்றோம். அவர் உடன்படவில்லை. "கோயில்ல பாடுகத கோயில்லதான் பாடணும் சார். ஆளு மாண்ட எடத்தப் பாடிட்டு ஆட்டம் இல்லாம எந்திரிச்சுப் போக முடியாது" என்றார். பின்னர் அவரே இரவிக்குட்டிப்பிள்ளை கதையைத் தெரிவு செய்தார். திருமலை நாயக்கரின் படையோடு வேணாட்டுத் தளபதி இரவிக்குட்டிப்பிள்ளை பொருது மாண்ட கதை அது. போர் நடந்த ஆண்டு 1634. போர்க்களமாகிய கணியாகுளம் வடசேரிக்கு அண்மையிலேயே உள்ளது.

அவர் கேட்ட வேறு இரண்டும் நம்மை வியக்கச் செய்தன. முன்வரிசை நாற்காலிகளை எடுத்துவிட்டுப் பாய் விரிக்க வேண்டும் என்பது ஒன்று. அரங்கின் விளக்குகளை அணைக்கக் கூடாது என்பது மற்றொன்று. முகம் தெரியாமல் யாருக்குப் பாடுவது என்று கேட்டார். அரங்கம் என்றாலே மேடையில் ஒளியும் அவையில் இருளும் என்று பழகிய நமக்கு இது புதிய பாடமாயிற்று.

நிகழ்ச்சி தொடங்கிய அரை மணி நேரம் வரை அவை இறுகியே இருந்தது. மாணவர் சிரிப்பை எதிர்பார்த்து வந்திருந்தனர். அண்ணாவியோ நாட்டு வளம் பாடிக்கொண்டிருந்தார். தாய் தான் கண்ட தீக்கனவைச் சொல்லி, போருக்குப் போகாதே என்று மகனைத் தடுக்கும் இடம் வந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து 'ஆமா' என்றொரு குரல் எழுந்தது. திரும்பிப் பார்த்தோம். விடுதிச் சமையற்கூடத்தில் பணிபுரியும் முதியவர் ஒருவர். அவரைச் சுற்றிக் காவலர், துப்புரவுப் பணியாளர் எனப் பதின்மருக்கு மேல் நின்றிருந்தனர். கதை தெரிந்தவர்கள் அவர்களே. அண்ணாவியும் அக்கணமே அதனை உணர்ந்துகொண்டார். அதன்பின் அவர் பாட்டு முன்வரிசையிலிருந்த நம்மைக் கடந்து அவர்களை நோக்கிச் சென்றது. உடனிருந்தோரே கைவிட்டுப் போன வஞ்சகத்தையும், தளபதியின் தலையைப் பகைவர் கொண்டு சென்றதையும் அவர் பாடி முடித்தபோது குறித்த நேரத்தைவிட நாற்பது மணித்துளி கூடுதலாகியிருந்தது. எழுந்து சென்ற மாணவர் சிலரே. பின்வரிசையார் கேட்ட முறையைப் பார்த்தே மற்றவர் கேட்கக் கற்றனர் என்று கருதுகிறோம்.

கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு நம் விடை இதிலிருந்து பிறக்கிறது. நேரம் குறைவதால் மட்டும் வில்லுப்பாட்டு அழிந்துவிடுவதில்லை. இடம் மாறுவதாலும் அன்று. கதையறிந்த ஒரு சிலரேனும் அவையில் இருந்து, அவர்கள் முகத்தைப் பாடுவோர் காண முடியுமாயின் கலை உயிரோடிருக்கிறது. அவர்கள் இல்லாத அவையில், குழுவே பாடிக் குழுவே 'ஆமா' சொல்லிக்கொள்ளும் நிகழ்ச்சி எத்துணை நேர்த்தியாயினும் அது வேறொரு கலை.

பெரியோர் எழுப்பிய வினா

நிகழ்ச்சிக்குப் பின் நம் சமுதாயப் பெரியவர் ஒருவர், காப்புப் பாடலில் பிள்ளையார் வணக்கம் வந்ததைச் சுட்டி, இஸ்லாமியர் நடத்தும் கல்லூரியில் இது தேவைதானா என்று கேட்டார். அன்போடு கேட்கப்பட்ட வினா; ஆதலின் மழுப்பாமல் விடை கூறுதல் கடன்.

பாடுவோர் தத்தம் நம்பிக்கைப்படி தொடங்குதல் தமிழ் மரபு. உமறுப்புலவர் சீறாப்புராணத்தைக் கடவுள் வாழ்த்துப் படலத்தோடு தொடங்கினார். ஏக இறைவனையும் நபிகள் நாயகத்தையும் போற்றினார். அம்மரபின் உரிமையை நாம் எடுத்துக்கொண்டோம்; பிறர்க்கு மறுத்தல் இயலாது. கேட்டல் வேறு, வழிபடுதல் வேறு என்னும் தெளிவு நம் மாணவர்க்கு உண்டு. அன்றியும், தெய்வக் கதையைக் கோயிலுக்கு வெளியே பாடமாட்டேன் என்ற அண்ணாவியின் மனமும், வழிபாட்டுக்கும் கலைக்கும் இடையே எல்லை வேண்டும் என்ற பெரியவரின் மனமும் வேறுவேறல்ல. இதனைச் சொன்னபோது பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

கதை கேட்கும் அவையை முஸ்லிம் தமிழரும் கட்டி வளர்த்தனர் என்பது இலக்கிய வரலாறு. இன்று கிடைப்பனவற்றுள் முதல் இஸ்லாமியத் தமிழ் நூலாகக் கருதப்படும் வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிரம் மசலா (1572), ஒருவர் வினவ நபிகள் நாயகம் விடை பகர்வதாய் அமைந்தது. கிஸ்ஸா கதை சொல்வது. படைப்போர் போர்க்களம் பாடுவது. இவை தனித்திருந்து படித்தற்கென எழுந்தவையல்ல; கூடியிருந்து கேட்டற்கு உரியவை. கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதியாயிருந்து, பின் அதனை எதிர்த்து, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப்கானை நாட்டார் கதைப்பாடல் கான்சாகிபு சண்டை எனப் பாடி நினைவில் வைத்தது. அதனையும் பதிப்பித்தவர் நா. வானமாமலையே. நம் மாவட்டத்துத் தக்கலையில் பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் ஓரிரவு பலர் கூடி அமர்ந்து விடியுமளவும் பாடிவருகின்றனர். அப்பெரியவர் இளமை முதல் அங்குச் செல்பவர். புத்தகத்தைக் கையில் வைத்திருந்தாலும் பார்ப்பதில்லை என்றும், பக்கத்திலிருப்பவர் குரலைப் பிடித்தே பாடல் வந்துவிடும் என்றும் அவரே கூறினார். நாம் நெடிது விளக்க முற்பட்டதை அவர் ஒரு தொடரில் சொல்லிவிட்டார்.

மாணவர் செய்த பணி

நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கும் பணியை முதுகலை மாணவரிடம் ஒப்படைத்தோம். பல இடங்களில் அவர்கள் எழுதுகோலைக் கீழே வைக்க நேர்ந்தது. 'விளை' என்பதை விளைச்சல் என்று கருதினர். ஈண்டு அது தோப்பைக் குறிக்கும். 'ஏலா' வயற்பரப்பு என்பதும், 'பிடாகை' ஊர்ப்பிரிவு என்பதும் நகரத்தில் வளர்ந்தோர்க்குத் தெரியவில்லை. அகராதி சிலவற்றுக்கு விடை தந்தது. எஞ்சியவற்றைச் சமையற்கூடத்து முதியவரிடம் கேட்டு எழுதினர். அவர் சொற்பொருளோடு நில்லாமல், அண்ணாவி அன்று நேரமின்மையால் விட்டுவிட்ட பகுதி ஒன்றையும் பாடிக் காட்டினார். அது இப்போது எழுத்துப்படியின் ஓரத்தில் தனியே குறிக்கப்பட்டுள்ளது. இம்மாவட்டக் கதைப்பாடல்களைப் பல்லாண்டுகளாகத் தேடித் தொகுத்த அறிஞர் அ. கா. பெருமாள் போன்றோரின் நூல்களோடு இப்படியை ஒப்பிடும் பணி இனிமேல்தான் தொடங்க வேண்டும். எழுத்துப்படி துறை நூலகத்தில் உள்ளது. அடுத்த பங்குனியில் அண்ணாவி பாடவிருக்கும் கொடைக்கு வர மாணவர் ஒன்பதின்மர் பெயர் தந்துள்ளனர்.